‘தொடர்பு விட்டுப் போச்சு’: வகுப்புத் தோழமை பற்றிச் சில குறிப்புகள்

‘தொடர்பு விட்டுப் போச்சு மச்சான்.’ நாற்பத்தைந்தைத் தாண்டிய எல்லோரும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம. விட்டது யார் என்பது இந்த வாக்கியத்தில் இல்லை. மழை விட்டதுபோல அது தானாக விட்டதாம். கல்லூரித் தோழர்களின் ‘மீண்டும் சந்திப்போம்’ என்கிற மொத்தச் சொல்லாடலும் இந்த மறைப்பின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது என்பது என் வாசிப்பு.

2018 அக்டோபரில் இரண்டு படங்கள் வந்தன. ‘96’இல் தஞ்சாவூர்ப் பள்ளி ஒன்றின் பழைய மாணவர்கள் சென்னையில் கூடுகிறார்கள். ஜானு சிங்கப்பூரிலிருந்து வருகிறாள். ராம் ஊர் ஊராய்ப் படம் பிடிப்பவன். இருவருக்கும் நடுவில் தூரம் இருக்கிறது, திருமணம் இருக்கிறது, கூலி இல்லை. அதே மாதம் வந்த ‘வடசென்னை’யில் கேரம் போர்டும் சிறையும் கத்தியும். ஏக்கத்தை ஒருவருக்கும் ரத்தத்தை இன்னொருவருக்கும் பங்குபோட்டுக் கொடுத்தாகிவிட்டது. எங்களுக்கும் ஏக்கம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும்.

ஆனால் நாங்களும் படித்தோம். 1950இல் தொடங்கிய தியாகராயா கல்லூரி, 1964இல் வந்த பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றில் துறைமுகத் தொழிலாளி, மில் தொழிலாளி, மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக உட்கார்ந்தார்கள். தியாகராயர் நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அக்கட்சியின் ஆட்சியில் 1921இல் வந்த ஆணையை ‘வகுப்புவாரி’ ஆணை என்றே இன்றும் சொல்கிறோம். ஆக, வகுப்பு என்றால் பெஞ்சு போட்ட அறை மட்டுமல்ல, சாதியும்தான். ‘வகுப்புத் தோழன்’ என்னும்போது இந்த இரண்டாவது அர்த்தத்தை வசதியாகக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

நான் கல்லூரியில் சேர்ந்த 1996இல்தான் பெரம்பூர் பின்னி மில் மூடப்பட்டது. 1999இல் டிகிரியோடு வெளியே வந்தபோது, திருவொற்றியூர் எண்ணூர்ப் பக்கம் எந்த ஆலை வாசலில் போய் நின்றாலும் ‘கான்ட்ராக்ட்தான் இருக்கு’ என்றார்கள். சிலர் மட்டும் பெர்மனென்ட் ஆனார்கள். அதில் மதிப்பெண்ணைவிட மாமா, சித்தப்பா, சங்கத்துப் பெரியவர் ஆகியோரின் பங்கு அதிகம். (சங்கம் என்றால் தொழிற்சங்கமா சாதிச் சங்கமா என்று கேட்காதீர்கள்.)

ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இதற்குள்தான் இருக்கிறோம். ஒரே கேட்டில், ஒரே ஷிஃப்ட்டில் நுழைகிற இருவர் எனக்குத் தெரியும்; அடையாள அட்டையின் நிறம் மட்டும் வேறு. ஒருநாள் கான்ட்ராக்ட்காரன் மற்றவனைப் பார்த்து ‘நல்லாருக்கீங்களா சார்?’ என்றான். மூன்று வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் தின்றவர்கள். போலீஸ்காரன் ‘ஏய்’ என்றதும் திரும்புகிறவன் அதிகாரத்துக்கு உட்பட்டவன் ஆகிவிடுகிறான் என்று அல்தூஸர் 1970இல் எழுதினார். இங்கே நடப்பது இன்னும் கொடுமை. கூப்பிடுகிறவனே தன்னைக் கீழே இறக்கிக்கொண்டு கூப்பிடுகிறான். மற்றவன் ‘டேய், என்னாடா சாரு?’ என்று சிரித்தான். அடுத்த வாரமும் ‘சார்’தான்.

தோழமையைப் பராமரிக்க ஓயாத உழைப்பும் நேரமும் பணமும் வேண்டும் என்பதால்தான் பூர்தியூ அதைச் ‘சமூக மூலதனம்’ என்றார். எங்கள் வெள்ளிவிழாச் சந்திப்பை மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட்டில் வைத்தார்கள். திருவொற்றியூரிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல். தலைக்கு இவ்வளவு என்று வசூல், அதுவும் நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை. வராதவர்களை ‘அவனுக்கு இன்ட்ரஸ்ட் இல்லடா’ என்று ஒரே வரியில் முடித்தார்கள்.

பெண்கள் விஷயம் வேறு. பாரதி மகளிர் கல்லூரியில் படித்த என் மனைவி தன் தோழிகளைத் தேடியபோது கையில் இருந்தவை அப்பாவின் இனிஷியலோடு கூடிய பெயர்கள் மட்டும். ஒரு நம்பர் கிடைத்தது. எடுத்தது கணவர். ‘நீங்க யாரு? எதுக்கு?’

எங்கள் வாட்ஸப் குழுவின் சட்டம்: ‘டா போட்டுப் பேசலாம், நோ பாலிடிக்ஸ்.’ அரசியலைக் கழித்தபின் மிஞ்சுவதே நட்பு என்கிற பொதுப்புத்தி. பஸ் பாஸுக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் சேர்ந்து தெருவில் உட்கார்ந்துதான் எங்களில் பாதிப் பேர் நண்பர்களே ஆனோம் என்பது அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்தது. குப்பத்தில் இருக்கும் நண்பன், தார் பூசினதுபோல் கறுத்துக் கிடந்த தன் வலையைப் படமெடுத்துக் குழுவில் போட்டான். ‘யாராவது பத்திரிகைக்குச் சொல்லுங்கடா’ என்று கீழே ஒரு வரி. ஐந்து நிமிஷத்தில் நிர்வாகி: ‘மச்சான், இது பாலிடிக்ஸ். குரூப்ல வேணாம்.’ அதற்குக் கீழே நாலைந்து கட்டைவிரல். பிறகு யாருக்கோ பிறந்தநாள் கேக். அன்று ராத்திரி அவன் குழுவைவிட்டு வெளியேறினான். ரிசார்ட்டில் அவனைப் பற்றிப் பேச்சு வந்தபோது நிர்வாகியே சொன்னான்: ‘அவனோட தொடர்பு விட்டுப் போச்சுடா.’

நான் குப்பத்துக்குப் போய் அவனைப் பார்த்தேன். புது வலைக்கு வட்டிக்கு வாங்கியிருந்தான். டீ வாங்கித் தந்தான். ‘என் வலையப் பத்திப் பேசுனா பாலிடிக்ஸ்னா, நான் அங்க எதப்பத்திடா பேசுறது? காலேஜ் கேன்டீன் பஜ்ஜியப் பத்தியா?’ என்றான்.

நிர்வாகி போன மாதம் அவன் நம்பரைக் கேட்டான். கொடுத்தேன். இன்னும் கூப்பிடவில்லை.