அக்காவின் பெயரில் தம்பியின் லேப்டாப்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் ஒரு லேப்டாப் ஒருவர் கையோடு முடிந்துபோவதில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்தது, அவர் படித்து முடித்ததும் தம்பிக்கு வந்தது. மாமா கடையில் ஓடிய பழைய சிஸ்டம் வீட்டுக்கு வந்தது. கருவி கைமாறிவிட்டாலும் திறந்ததும் திரையில் நிற்பது பழையவர் பெயர்தான். அதை மாற்ற நினைப்பதை வீண் ஆசை என்று தள்ளிவிட முடியாது. தம்பி வேலைக்கு அனுப்பும் வேர்டு கோப்பில் எழுதியவர் பெயராக அக்கா பெயர் போய்ச் சேரலாம். ஆன்லைன் வகுப்பில் திரையைப் பகிர்ந்தால் அந்தப் பெயர் எல்லோர் கண்ணிலும் படும்.

சர்வீஸ் கடையில் போய், “பேரை மட்டும் மாத்திக் கொடுங்கண்ணா” என்று கேட்டால், “ஃபார்மட் பண்ணிடலாம் தம்பி, புதுசு மாதிரி ஆயிடும்” என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதிலும் நியாயம் இருக்கிறது. பல வருடக் குப்பை போய்விடும். முந்தையவரின் படங்களும் கடவுச்சொற்களும் புதியவர் கையில் எளிதில் சிக்காது. வெளியாளுக்கு விற்கும் கருவியென்றால் நானும் அதையே சொல்வேன். வீட்டுக்குள் கைமாறும் கருவிக்கு அது தேவையில்லை. கடையில் நின்றுகொண்டு அவசரத்தில் பென்டிரைவில் எடுத்தது போக, எதை விட்டோம் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

சிக்கலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. விண்டோஸில் ஒருவருக்கு ஒரு பெயர் இல்லை, மூன்று. திரையில் தெரியும் பெயர் ஒன்று. உள்ளே நுழைவதற்கான யூசர் நேம் இன்னொன்று. சி டிரைவில் ‘யூசர்ஸ்’ என்பதற்குள் அவருடைய கோப்புகள் கிடக்கும் ஃபோல்டரின் பெயர் மூன்றாவது. இவற்றுக்கெல்லாம் அடியில் ஓர் எண் இருக்கிறது. எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்பதைக் கணினி அந்த எண்ணை வைத்தே முடிவு செய்கிறது. 1993இல் வந்த விண்டோஸ் என்டி காலத்திலிருந்து இதுதான் ஏற்பாடு, நல்ல ஏற்பாடும்கூட. பெயர் மாறினாலும் உரிமை மாறாது.

ஆகவே கன்ட்ரோல் பேனலில் யூசர் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய்க் கணக்கின் பெயரை மாற்றுவதால் எந்த ஆபத்தும் இல்லை. அது முதல் பெயரை மட்டும் மாற்றுகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக நுழைபவர்கள் அந்தக் கணக்கின் விவரப் பக்கத்தில் மாற்ற வேண்டும். குறை என்னவென்றால், வேலை பாதியில் நிற்கிறது என்பதை விண்டோஸ் சொல்வதே இல்லை. வீட்டில் இரண்டு கணினிகளை இணைத்துக் கோப்பு பகிர்கிறவர், புதுப் பெயரைக் கொடுத்துவிட்டு ஏன் உள்ளே விடவில்லை என்று திகைப்பார். அங்கே செல்லுபடியாவது பழைய யூசர் நேம்தான். ஃபோல்டரின் பெயரும் அப்படியே இருக்கும்.

அந்த ஃபோல்டர் பெயரும் பல வீடுகளில் நாமே வைத்தது அல்ல. மின்னஞ்சல் முகவரி கொடுத்துக் கணினியைத் தொடங்கினால், முகவரியின் முதல் ஐந்து எழுத்தை விண்டோஸ் தானாக எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் எழுதினால் திருநாவுக்கரசும் திருமலையும் வெறும் ‘திரு’ ஆகிவிடுவார்கள். நீண்ட பெயர் வைக்கும் நம் ஊருக்கு இது பொருந்தாத வழக்கம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இந்த எரிச்சலில்தான் பலர் வீடியோ பார்த்து மூன்றாவது பெயரில் கைவைக்கிறார்கள். வேறொரு நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, ஃபோல்டரின் பெயரை மாற்றி, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘புரொஃபைல் லிஸ்ட்’ என்ற இடத்தில் உள்ள பாதையையும் அதே பெயருக்குத் திருத்த வேண்டும். கைதேர்ந்தவர் சில நிமிடங்களில் முடிப்பார். போட்டுவைத்த புரோகிராம்களும் அமைப்புகளும் அப்படியே இருக்கும். அதுவே இதன் கவர்ச்சி. ஓர் எழுத்து தவறினால், மறுமுறை நுழையும்போது டெஸ்க்டாப் வெறிச்சோடிக் கிடக்கும், தற்காலிகக் கணக்கில் நுழைந்திருப்பதாக ஓர் அறிவிப்பு வரும். கோப்புகள் டிஸ்க்கில் பத்திரமாகவே இருக்கும், ஆனால் பதறிப்போனவர் அதே தற்காலிகக் கணக்கில் வேலை செய்து சேமிப்பார். வெளியேறியதும் அந்த வேலை அழிந்துவிடும்.

சரியாகச் செய்தாலும் தொல்லை தீர்வதில்லை. பழைய பாதையை முழுதாக எழுதிவைத்துக்கொண்ட புரோகிராம்கள் ஏராளம். அவுட்லுக் தன் அஞ்சல் கோப்பைத் தேடும், ஒன்டிரைவ் தன் ஃபோல்டரைக் காணோம் என்று சொல்லும். கோளாறு அன்றே தெரிந்தால் சரிசெய்யலாம். இரண்டு வாரம் கழித்து வந்தால் எதனால் வந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? இந்த முறையை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை. வீட்டுக் கணினிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபோல்டர் பெயரும் மாறியே ஆக வேண்டுமென்றால் புதுக் கணக்கு தொடங்கிக் கோப்புகளை நகலெடுப்பதே வழி. அதுவும் குறையற்றது அல்ல, நேரம் தின்னும். அமைப்புகளை மறுபடி செய்ய வேண்டும். பெரும்பாலான பிரௌசர்களில் சேமித்த கடவுச்சொற்கள் பழைய கணக்கின் பூட்டுக்குள் இருப்பதால், ஃபோல்டரை நகலெடுப்பதால் மட்டும் வராது. முன்கூட்டியே ஏற்றுமதி செய்யவோ சிங்க் செய்யவோ வேண்டும். டாகுமென்ட்ஸ், படங்கள், டெஸ்க்டாப் ஆகியவற்றை எடுத்தால் போதும். மறைந்திருக்கும் கோப்புகளில் ‘என்டியூசர்’ என்று தொடங்குபவற்றைத் தொடக்கூடாது. டிஸ்க், விண்டோஸின் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய கணக்கை ஒரு மாதமாவது அழிக்காதீர்கள். ஏதோ விட்டுப்போயிற்று என்று தெரியும் நாளில் திரும்பிப் போக இடம் இருப்பதே இந்த முறையின் பெரும்பலம், ஃபார்மட் செய்வதிலும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்துவதிலும் அது கிடையாது.

எந்த வழியில் போனாலும் முதலில் கோப்புகளுக்கு ஒரு காப்பு நகல் வேண்டும். அந்த நகலை வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து, கணினி இருக்கும் அறையிலேயே கீழ்த்தட்டில் வைப்பது போதாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழை மயிலத்தையும் விழுப்புரத்தையும் மூழ்கடித்ததைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

லினக்ஸில் பெயர் மாற்றுவதில் நிலைமை சீராக இருக்கிறது. ‘யூசர்மாட்’ என்ற ஒரே கட்டளை யூசர் நேமையும் ஹோம் ஃபோல்டரையும் சேர்த்தே மாற்றும். அந்தக் கணக்கில் ஏதேனும் ஓடிக்கொண்டிருந்தால் செய்ய மறுத்துவிடும். அந்த மறுப்பு வீட்டுப் பயனாளருக்குக் கிடைக்கும் நல்ல பாதுகாப்பு.

இனித் தமிழ்ப் பெயர். யூசர் நேமைத் தமிழிலேயே வைக்க விரும்பும் மாணவர்கள் இருக்கிறார்கள், அந்த விருப்பம் சரியானது. விண்டோஸ் தமிழ் ஃபோல்டர் பெயரைத் தடையின்றி ஏற்கும். இடறுவது மேலே ஓடும் புரோகிராம்கள். யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றத்தில் விண்டோஸ் தமிழுக்கு இடமே ஒதுக்கவில்லை; அந்தப் பழைய முறையில் எழுதப்பட்ட புரோகிராமுக்கு நம் எழுத்துகள் கேள்விக்குறிகளாகத்தான் தெரியும். புள்ளியியலுக்குப் பயன்படும் ‘ஆர்’ மொழியே 2022இல் வந்த 4.2 பதிப்பில்தான் விண்டோஸில் இதிலிருந்து விடுபட்டது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, பாதையில் ஆங்கிலம் அல்லாத எழுத்தைக் கண்டால் எச்சரிக்கிறது. காகுப்பத்திலும் மேல்பாக்கத்திலும் உள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைக்கு இந்தத் தடங்கல் முதல் செமஸ்டரிலேயே வரலாம். குற்றம் அந்தப் பிள்ளையின் விருப்பத்தில் இல்லை, புரோகிராம் எழுதியவர்களிடம் இருக்கிறது.

அவர்கள் திருந்தும்வரை ஒரு வழி உண்டு. ஃபோல்டரின் பெயர், கணக்குக்குள் முதன்முறை நுழையும்போது உறுதியாகிறது. எனவே புதுக் கணக்கை மின்னஞ்சல் இல்லாத லோக்கல் கணக்காக, ‘வீடு’ என்பதுபோல யாருடையதும் அல்லாத சிறு சொல்லை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் கொடுத்துத் தொடங்குங்கள். ஒருமுறை நுழைந்த பிறகு திரையில் தெரியும் பெயரை முழுத் தமிழில் மாற்றிக்கொள்ளுங்கள். 2025-26 தமிழக பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். அதில் மடிக்கணினி கிடைப்பவர்கள் முதல்நாளே இப்படித் தொடங்கினால், நாளை அது தம்பிக்கோ தங்கைக்கோ போகும்போது மாற்ற வேண்டியது திரையில் தெரியும் ஒரு பெயர் மட்டுமே.