எங்கே எழுதினாய் என்று சொல்: இலகுரக லினக்ஸின் செட்டிங்ஸ் கருவிகள்

பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுக்க இலகுரக லினக்ஸ் போடுங்கள் என்று யோசனை சொல்பவர்கள், போட்ட பிறகு அதை யார், எப்படித் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்வது என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. க்னோம் டெஸ்க்டாப் மூச்சுத் திணறும் 2 ஜிபி மெமரியில் எக்ஸ்எஃப்சிஇ ஓடிவிடும், எல்எக்ஸ்கியூட்டி ஓடிவிடும், ஓபன்பாக்ஸ் என்ற விண்டோ மேலாளர் மட்டும் என்றால் இன்னும் சுலபம். ஆனால் எழுத்து சிறியதாகத் தெரிகிறது, புரொஜெக்டரைச் செருகினால் படம் வரவில்லை, தமிழ் அடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தேவை முளைக்கும்போது இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். கோப்பைத் திறந்து எழுதத் தெரியாதவருக்கு லினக்ஸ் எதற்கு என்பது ஒரு கட்சி. மவுஸால் சொடுக்கி முடிக்க முடியாத வேலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இன்னொரு கட்சி. இரண்டும் கருவிகளைத் திறந்து பார்க்காமல் பேசும் பேச்சு.

ஒரு செட்டிங்ஸ் கருவியிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: நான் சொன்னதை எங்கே எழுதினாய்? அந்தக் கோப்பை நானே திறந்து திருத்தினால் அதை மதிப்பாயா, மிதிப்பாயா? அடுத்து, மாற்றம் உடனே கண்ணில் படுகிறதா, தப்பாகிவிட்டால் திரும்பி வர வழி இருக்கிறதா? தோற்றமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தைவானைச் சேர்ந்த ஹாங் ஜென் யீ 2006-இல் தொடங்கிய எல்எக்ஸ்டிஇ டெஸ்க்டாப்பில் இருந்து ஆரம்பிக்கலாம். அதன் கருவிகள் ஒவ்வொன்றும் தனி ஆள்: தோற்றத்துக்கு எல்எக்ஸ்அப்பியரன்ஸ், திரைக்கு எல்எக்ஸ்ரேண்டர், மவுஸ்-கீபோர்டுக்கு எல்எக்ஸ்இன்புட். ஒன்றுக்கு மற்றது தேவையில்லை என்பதால், எல்எக்ஸ்டிஇயே இல்லாமல் ஓபன்பாக்ஸை மட்டும் வைத்திருப்பவர்களும் எல்எக்ஸ்அப்பியரன்ஸை எடுத்துப் பயன்படுத்தினார்கள். தீமைத் தேர்ந்தெடுத்தால் அந்த விண்டோவே உடனே உடை மாற்றிக் காட்டும். பிறகு வீட்டுக் கோப்புறையில் செயலிகளின் தோற்றத்தை வரையும் ஜிடிகே 2 நூலகத்துக்கான மறைகோப்பு ஒன்றை எழுதும். அந்தக் கோப்பைத் திறந்தால் தலையிலேயே எச்சரிக்கை: இதைத் திருத்தாதே, எல்எக்ஸ்அப்பியரன்ஸ் இதன் மேலேயே மறுபடி எழுதிவிடும், உன் சொந்தச் சேர்க்கைகளை ‘மைன்’ என்று முடியும் பக்கத்துக் கோப்பில் வை. கீழே, அந்தப் பக்கத்துக் கோப்பைச் சேர்த்துப் படிக்கும் வரியும் தயாராக இருக்கும். கருவிக்கு ஒரு கோப்பு, கைக்கு ஒரு கோப்பு, இரண்டும் சேர்ந்தே படிக்கப்படும். இவ்வளவு நாணயமான பாகப்பிரிவினையைப் பெரிய டெஸ்க்டாப்புகளில்கூட அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் அந்த நாணயம் ஜிடிகே 2 காலத்தோடு சேர்ந்து வயதாகிவிட்டது. ஜிடிகே 3-க்கும் இக்கருவி எழுதும்; ஜிடிகே 4-ஐத் தொடாது. க்னோமின் லிப்அட்வைட்டாவை நம்பிக் கட்டிய புதிய செயலிகள் தீம் என்று எதைச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அது எல்எக்ஸ்அப்பியரன்ஸின் குற்றமல்ல. ஆனாலும் பயனருக்குப் பாதி செயலிகள் கறுப்பு, பாதி வெள்ளை. இலகுரகத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. பின்னணியில் அமைப்புகளை அறிவிக்கும் சேவை எதுவும் ஓடாத வெறும் ஓபன்பாக்ஸில் தீமை மாற்றினால், ஏற்கெனவே திறந்திருக்கும் பல செயலிகளுக்கு அது தெரியாது. மூடித் திறக்க வேண்டும். எக்ஸ்எஃப்சிஇயில் அதற்கென்று ஒரு சேவை எப்போதும் விழித்திருப்பதால் தீமை மதிக்கும் செயலிகள் அந்த நொடியே மாறும். மெமரியை மிச்சப்படுத்தினால் இப்படி ஓரிடத்தில் பொறுமையாகக் கட்டத்தான் வேண்டும்.

ஓபன்பாக்ஸின் சொந்தக் கருவி ஓப்கான்ஃப். அதில் ‘செயல்படுத்து’ என்ற பட்டனே கிடையாது. டெஸ்க்டாப்புகளின் எண்ணிக்கையை நான்கிலிருந்து இரண்டாக்கினால், ஓபன்பாக்ஸின் ஆர்சி எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி, ஓபன்பாக்ஸை மறுபடி படிக்கச் சொல்லி, கையோடு முடித்துவிடும். கோப்பில் நீங்கள் எழுதி வைத்த குறிப்புகளையும் தின்றுவிடாது; மாற்ற வேண்டிய இடத்தை மட்டும் மாற்றும். முதல் கேள்விக்கு முழு மதிப்பெண்.

மதிப்பெண் போகும் இடம் வேறு. ஓபன்பாக்ஸோடு வரும் மாதிரிக் கோப்பில் விண்டோஸ் விசையும் ஈ-யும் சேர்த்து அழுத்தினால் கோப்பு மேலாளர் திறக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். எந்தக் கோப்பு மேலாளர்? கேஎஃப்எம்கிளையண்ட் கட்டளை அழைக்கும் கேடிஇ டெஸ்க்டாப்பின் மேலாளர். கேடிஇ வேண்டாம் என்றுதானே ஓபன்பாக்ஸுக்கு வந்தோம்! ஆகவே அந்த விசைகளை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. சரி, ஓப்கான்ஃபில் மாற்றிக்கொள்ளலாம் என்று போனால் தீம், தோற்றம், விண்டோ, நகர்த்தல், மவுஸ், டெஸ்க்டாப், ஓரம், டாக் என்று வரிசையாகத் தாவல்கள். குறுக்குவிசைக்குத் தாவலே இல்லை. அந்த எக்ஸ்எம்எல் கோப்பில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பவை விசைக் கட்டளைகளும் மவுஸ் கட்டளைகளும்தான். கருவி அவற்றைக் கண்டுகொள்ளாததோடு, இப்படி ஒன்று இருக்கிறது என்றுகூடச் சொல்வதில்லை. எல்லாவற்றையும் செய்ய முடியாத கருவியை மன்னிக்கலாம். தான் செய்யாததை மறைக்கும் கருவியை மன்னிப்பது கடினம்.

இந்த இடத்தில் ஆன்டிஎக்ஸ் என்ற விநியோகத்தின் கட்டுப்பாட்டு மையம் நினைவுக்கு வருகிறது. அதில் ஐஸ்டபிள்யூஎம், ஃப்ளக்ஸ்பாக்ஸ் ஆகிய விண்டோ மேலாளர்களுக்கான பட்டன்களைச் சொடுக்கினால் அழகான உரையாடல் பெட்டி எதுவும் வராது. உரிய கோப்புகள் டெக்ஸ்ட் எடிட்டரில் திறக்கும், அவ்வளவுதான். பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியான வேலையாகவே படுகிறது. கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடும் அலைச்சல்தான் புதியவரைத் துரத்தியடிப்பது. கோப்பைக் கண்முன்னே நிறுத்திவிட்டால் பாதி பயம் போய்விடும். ஓப்கான்ஃபுக்குக் குறுக்குவிசைத் தாவல் எழுத ஆளில்லை என்றால், கோப்பைத் திறக்க ஒரு பட்டனாவது வைத்திருக்கலாம். ஓபன்பாக்ஸ் தன் பங்குக்கு ஒரு நல்ல காரியம் செய்கிறது: கோப்பில் ஒரு குறியை மூட மறந்துவிட்டால், எந்தக் கோப்பில் எந்த வரியில் பிழை என்று திரையிலேயே சொல்லும்.

திரை அமைப்புக்கு வந்தால் ஏரேண்டர் என்ற சிறிய கருவியை மெச்சாமல் போக முடியாது. லேப்டாப் திரையும் புரொஜெக்டரும் இரண்டு பெட்டிகளாகத் தெரியும். மவுஸால் இழுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சேமித்தால், எக்ஸ்ரேண்டர் கட்டளை அடங்கிய ஷெல் ஸ்கிரிப்டாக எழுதும். அந்த ஸ்கிரிப்டை டெர்மினலில் ஓட்டலாம், குறுக்குவிசையில் கட்டலாம், மறுபடி ஏரேண்டரிலேயே திறந்து திருத்தலாம். கை எழுதியிருந்தால் என்ன எழுதியிருக்குமோ, அதையே கருவியும் எழுதுகிறது. குறை ஒன்று: மறுபடி லாகின் செய்யும்போது அந்த ஸ்கிரிப்டை ஓட்டுவது உங்கள் பொறுப்பு. எல்எக்ஸ்ரேண்டர் தன் திரை அமைப்பைத் தானே தொடக்கப் பட்டியலில் சேர்த்துவிடும். ஆனால் திரைகளை இழுத்து வைக்கும் சுகம் அதில் இல்லை.

எக்ஸ்எஃப்சிஇ இதற்கெல்லாம் எதிர்த்திசை. 4.6 பதிப்பில், 2009-இல், எக்ஸ்எஃப்கான்ஃப் என்ற களஞ்சியம் வந்தது. அமைப்புகள் எல்லாம் எக்ஸ்எம்எல் கோப்புகளில் இருந்தாலும் அவற்றுக்கு ஒரு காவலர் உண்டு: பின்னணியில் ஓடும் சேவை. அது ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பைக் கையால் திருத்தினால் கவனிக்காது. தன் நினைவில் இருப்பதை எடுத்து உங்கள் திருத்தத்தின் மேல் எழுதிவிடும். என் முதல் கேள்வியில் எக்ஸ்எஃப்சிஇ தோற்கிறது என்றுதான் இங்கே சொல்லத் தோன்றும். ஆனால் கோப்பின் வழியை அடைத்தவர்கள் அதற்கு ஈடாக இரண்டு வழிகளைத் திறந்திருக்கிறார்கள். ஒன்று, டெர்மினலில் எக்ஸ்எஃப்கான்ஃப்-குவெரி என்ற கட்டளை. இன்னொன்று, செட்டிங்ஸ் எடிட்டர் என்ற வரைகலைக் கருவி: உரையாடல் பெட்டிகளில் இடம் பெறாத அமைப்புகளும் இதில் மரவரிசையில் கிடைக்கும், ஒன்றை மட்டும் தேர்ந்து பழைய நிலைக்குத் திருப்பலாம். அந்தக் குவெரி கட்டளையைக் கண்காணிப்பு நிலையில் ஓடவிட்டு, பக்கத்தில் உரையாடல் பெட்டியில் ஒரு டிக்கை எடுத்தால், எந்த அமைப்பு மாறியது என்று டெர்மினலில் உடனே வரி விழும். எங்கே எழுதினாய் என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. திரை அமைப்பை மாற்றினாலும், பிடித்திருக்கிறதா என்று கேட்டுச் சில நொடிகள் காத்திருக்கும்; பதில் வராவிட்டால் பழையபடி ஆக்கிவிடும். திரை இருண்டுபோய் விழித்தவர்களுக்கு அந்தச் சில நொடிகளின் அருமை தெரியும்.

எக்ஸ்எஃப்சிஇ சறுக்குவது அடுக்கி வைத்த விதத்தில். விண்டோ மேலாளருக்கு ஒரு பெட்டி, ‘விண்டோ மேலாளர் ட்வீக்ஸ்’ என்று இன்னொரு பெட்டி. பழைய கணினியில் நிழல், ஒளிபுகும் தன்மை ஆகியவற்றைச் செய்யும் காம்போசிட்டரை நிறுத்த வேண்டுமா? ட்வீக்ஸில். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் விண்டோ நகர்கிறது, அது படம் வரையும் செயலியோடு மோதுகிறது, மாற்ற வேண்டுமா? அதுவும் ட்வீக்ஸில்தான், அதிலும் ‘அணுகல்தன்மை’ என்ற தாவலுக்குள். பருப்பு டப்பாவில் மிளகாய்த்தூளை வைத்துவிட்டு லேபிள் ஒட்டாமல் விட்ட சமையலறை மாதிரி, வைத்தவருக்கு மட்டுமே தெரிந்த ஒழுங்கு.

எல்எக்ஸ்கியூட்டி, ஜிடிகே போன்ற இன்னொரு நூலகமான கியூட்டியில் எழுதிய எல்எக்ஸ்டிஇயின் கிளையும் ரேசர்-கியூட்டியும் இணைந்து பிறந்தது. முதல் வெளியீடு 2014. லுபுண்டு விநியோகம் 18.10 பதிப்பில் இதற்கு மாறியது. கட்டுப்பாட்டு மையம் கச்சிதம், கோப்புகள் எளிய ஐஎன்ஐ வடிவம், கையால் படிக்க எக்ஸ்எம்எல்லைவிட இதம். ஓபன்பாக்ஸோடு சேர்த்து ஓட்டும்போதுதான் சிக்கல்: குறுக்குவிசைகளுக்கு இரண்டு எஜமானர்கள். டெர்மினல் திறப்பது எல்எக்ஸ்கியூட்டியின் பட்டியலில். விண்டோவை மூடுவது ஓபன்பாக்ஸின் கோப்பில். ஒரே விசையை இருவரிடமும் சொல்லிவிட்டால் யார் முந்துவார் என்பது அதிர்ஷ்டம். ஓப்கான்ஃபின் கியூட்டி வடிவமும் அந்த விசைகளைத் தொடுவதில்லை.

தமிழ் அடிப்பவர் இந்தக் கருவிகளுக்கு வைக்கும் சோதனை கடுமையானது. எக்ஸ்எஃப்சிஇயின் கீபோர்டு பெட்டியிலும் எல்எக்ஸ்கியூட்டியின் பெட்டியிலும் தமிழ் விசையமைப்புகள் பட்டியலில் இருக்கும். எல்எக்ஸ்இன்புட்டில் பட்டியலே கிடையாது. எல்எக்ஸ்டிஇயில் அது பேனலின் செருகுநிரலில் ஒளிந்திருக்கிறது. ஆனால் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. தமிழ்99 விசையமைப்பில் ககர விசையை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழ வேண்டும். இந்தப் பெட்டிகள் நம்பியிருக்கும் எக்ஸ்கேபி முறைக்கு முந்திய எழுத்தைத் திரும்பிப் பார்க்கத் தெரியாது. எனவே ஐபஸ் அல்லது ஃப்சிடிக்ஸ் என்ற உள்ளீட்டு முறைக் கருவி வேண்டும். அவை செயலிகளுக்குள் எட்டிப் பார்க்க ஜிடிகேவுக்கும் கியூட்டிக்கும் தனித்தனியாகச் சூழல் மாறிகள் வேண்டும். எக்ஸ்எஃப்சிஇயின் செட்டிங்ஸில் சூழல் மாறிகளுக்கு இடமில்லை. டெபியன் குடும்பத்தில் ஐஎம்-கான்ஃபிக் என்ற தனிக் கருவியைத் தேட வேண்டும். எல்எக்ஸ்கியூட்டியின் செஷன் செட்டிங்ஸில் மட்டும் சூழல் மாறிகளுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. பெயரையும் மதிப்பையும் இட்டு, லாகவுட் செய்து வந்தால் முடிந்தது. இந்த ஒரு பக்கத்துக்காக எல்எக்ஸ்கியூட்டிக்கு ஒரு சபாஷ்.

இதற்கிடையில், திரையில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ்11 அமைப்பின் காலம் முடிந்து அதன் இடத்துக்கு வேலேண்டு வருகிறது. ஏரேண்டர் அங்கே செல்லாது. டபிள்யூடிஸ்ப்ளேஸ் என்ற கருவியில் திரைகளை இழுத்து வைக்கலாம்; ஆனால் அது எதையும் சேமிப்பதில்லை. ராஸ்பெர்ரி பை நிறுவனம் 2024 அக்டோபரில் எல்எக்ஸ்டிஇயிலிருந்து வளர்ந்த தன் டெஸ்க்டாப்பை லேப்டபிள்யூசி என்ற வேலேண்டு விண்டோ மேலாளருக்கு மாற்றியது. அது ஓபன்பாக்ஸின் அதே ஆர்சி எக்ஸ்எம்எல் வடிவத்தைப் படிக்கிறது. 2025-இல் வந்த ராஸ்பெர்ரி பை டெஸ்க்டாப்பின் அடுத்த பதிப்பில், எல்எக்ஸ்டிஇ வழியில் சிதறிக் கிடந்த தோற்றம், திரை, மவுஸ், கீபோர்டுப் பெட்டிகளை எல்லாம் கட்டுப்பாட்டு மையம் என்ற ஒரே விண்டோவுக்குள் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கருவியும் தனி ஆள் என்ற எல்எக்ஸ்டிஇயின் கொள்கை, அதை அதிகம் பேரிடம் கொண்டு சேர்த்தவர்கள் கையாலேயே கைவிடப்பட்டது. அது சரியான முடிவுதான். தனித்தனிக் கருவிகள் எழுதுபவருக்கு வசதி; தேடுபவருக்கு அலைச்சல்.

என் தீர்ப்பு இது. இன்னொருவர் பயன்படுத்தப்போகும் கணினி என்றால் எக்ஸ்எஃப்சிஇ. கோப்பைப் பூட்டினாலும் சாவியைக் கையில் கொடுப்பதும், தவறினால் திரும்பிவர விடுவதும் அதற்கு முதலிடம் தருகின்றன. ட்வீக்ஸ் பெட்டியை விண்டோ மேலாளரோடு இணைத்தால் குறை பெருமளவு தீரும். நாள்தோறும் தமிழில் எழுதுபவர் எல்எக்ஸ்கியூட்டியை எடுத்துக்கொள்ளலாம், குறுக்குவிசைகளை ஒரே இடத்தில் வைத்துக்கொள்வார் என்றால். கோப்பைத் திறக்கத் தயங்காதவருக்கு ஓபன்பாக்ஸும் ஓப்கான்ஃபும் ஏரேண்டரும் இன்றும் போதும். ஆனால் ஓபன்பாக்ஸின் கடைசி வெளியீடான 3.6.1 வந்தது 2015-இல். புதிதாகக் கற்க நினைப்பவர் அந்த நேரத்தை லேப்டபிள்யூசியில் செலவிடட்டும். படித்த ஆர்சி எக்ஸ்எம்எல் அங்கேயும் உதவும்.