பத்து நாள் அம்மாக்கள்

அந்தப் புகைப்படத்தை நாம் எல்லோரும் எங்காவது பார்த்திருக்கிறோம். இருபது வயதுக்குள் ஒரு வெள்ளைக்காரப் பெண். குழுவில் எல்லோரும் ஒன்றுபோல் போட்டிருக்கும் டி-ஷர்ட். மடியில் ஒரு கறுப்புக் குழந்தை, முதுகைக் கட்டிக்கொண்டு இன்னொன்று, அவளுடைய தலைமுடியைப் பின்னிக்கொண்டிருக்கும் மூன்றாவது. பின்னால் தகரக் கூரை. இடம் ஹைட்டியா, உகாண்டாவா, குவாதமாலாவா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கொடுக்கப் போன தான் பெற்றுக்கொண்டு திரும்பியதாகப் படத்தின் கீழே ஒரு வரி இருக்கும்.

இலக்கிய மாணவியாக எனக்குக் கற்பிக்கப்பட்ட முதல் பாடம், ஒரு பிரதியில் யார் பேசுகிறார்கள் என்று பார்ப்பதோடு யார் இல்லை என்றும் பார்க்க வேண்டும் என்பது. இந்தப் படத்தில் இல்லாதவள் அந்தக் குழந்தையின் அம்மா. அவள் இறந்துவிட்டதாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம். படமும் அப்படி எடுத்துக்கொள்ளும்படிதான் அமைந்திருக்கிறது.

அமெரிக்கச் சபைகளில் இதற்குக் குறுகிய கால மிஷன் என்று பெயர். கோடை விடுமுறையில் ஒரு வாரம், பத்து நாள். உறவினர்களுக்கும் சபையாருக்கும் கடிதம் எழுதிப் பணம் திரட்டி, குழுவாக விமானம் ஏறி, ஒரு பள்ளிச் சுவருக்கு வண்ணமடித்து, விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தி, இல்லத்துக் குழந்தைகளோடு விளையாடித் திரும்புவது. திரும்பிய ஞாயிறன்று ஆராதனையில் சாட்சி சொல்வது. 2000-களின் நடுவில் சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ செய்த மதிப்பீட்டின்படி, ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் அமெரிக்கர்கள் இப்படி வெளிநாடு போய் வந்தார்கள். இது சிலருடைய தனிப்பட்ட ஆர்வமாக நின்றுவிடவில்லை. பயண முகவர்கள், காப்பீடு, விடுதிகள், வழிகாட்டி நூல்கள் என்று அதைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது.

தமிழ்ச் சபைகள் இதை 'ஊழியம்' என்று சொல்லும். அந்தச் சொல்லின் வரலாறு சாதாரணமானதல்ல. 19-ஆம் நூற்றாண்டின் தென் திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் ஒடுக்கப்பட்ட சாதியார் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய கட்டாய வேலை. அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் மிஷனரிகளும் இருந்தார்கள். ஒருவரை வற்புறுத்தி வாங்கிய வேலையும், ஒருவர் விரும்பிச் செய்யும் தொண்டும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. அதனால் இந்தப் பயணங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வருகிறது: விரும்பிச் செய்பவள் வந்து போகும் அந்தப் பத்து நாளில், அங்கே கேள்வியில்லாமல் வேலை செய்கிறவள் யார்?

இந்தக் கேள்விக்கு நேராக நிற்கும் ஒரு காட்சி நோவயலட் புலவாயோவின் 'வீ நீட் நியூ நேம்ஸ்' (2013) நாவலில் இருக்கிறது. வருகிறவர்கள் சபையார் அல்லர், ஒரு தொண்டு நிறுவனத்தார். ஆனால் காட்சியின் இலக்கணம் ஒன்றுதான். பாரடைஸ் என்று பெயர் கொண்ட தகரக் குடியிருப்புக்கு லாரி வருகிறது. பிள்ளைகள் ஓடுகிறார்கள். வெள்ளைக்காரர்களோடு, மக்களின் மொழி தெரிந்த சிஸ் பெட்டி என்ற பெண்ணும் வருகிறாள். பரிசு கொடுக்கும் முன் ஒருவர் படம் எடுக்கத் தொடங்குகிறார். கதை சொல்லும் சிறுமி டார்லிங்குக்கு அது பிடிக்கவில்லை. கிழிந்த உடையோடு படத்தில் நிற்க அவளுக்குக் கூச்சம். வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அவள் இல்லை.

அந்தப் பிள்ளைகளில் சிப்போவும் ஒருத்தி. பதினோரு வயது, கர்ப்பிணி. அவளைக் கெடுத்தவர் சொந்தத் தாத்தா. அவள் வயிற்றைக் கண்டதும் படமெடுப்பவர் ஒரு கணம் திகைக்கிறார். பிறகு தன் வேலை நினைவுக்கு வந்தவர்போல் அவளையே விடாமல் எடுக்கத் தொடங்குகிறார். யார், என்ன, எப்போது என்று எவரும் கேட்பதில்லை. மொழி தெரிந்தவள் பக்கத்திலேயே நின்றும் கேட்பதில்லை. ஒரு குற்றத்தின் சாட்சியம் கண் எதிரே நிற்கிறது. கேமரா அதை இரக்கத்துக்கான சரக்காக எடுத்துக்கொண்டு போகிறது. புலவாயோ இதை ஆத்திரத்தோடு எழுதவில்லை. சிறுமியின் குரலில், ஏறக்குறைய வேடிக்கையாக எழுதுகிறார். நான் வகுப்பில் இந்தப் பகுதியைச் சொல்லும்போது முதலில் சிரிப்பு வரும். சிரிப்பு அடங்க நேரமாகாது.

இதை நாவலாசிரியையின் மிகை என்று தள்ள முடியாதபடி 2010 ஜனவரியில் ஹைட்டியில் ஒன்று நடந்தது. நிலநடுக்கம் முடிந்து மூன்று வாரம் ஆகவில்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநில பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்தவர்களை முக்கியமாகக் கொண்ட பத்துப் பேர் குழு, 33 குழந்தைகளை ஒரு பேருந்தில் ஏற்றி, உரிய ஆவணங்கள் இல்லாமல் டொமினிக்கன் குடியரசின் எல்லையைக் கடக்க முயன்று கைதானது. குழுவின் தலைவி ஒரு பெண். 'அநாதைகளை' மீட்க வந்தோம் என்றார்கள். விசாரித்தால், பெரும்பாலான குழந்தைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். படிப்பும் சாப்பாடும் கிடைக்கும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பி அவர்களே கையில் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். கடத்தல் வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. முறையற்ற பயணத்துக்கு ஏற்பாடு செய்ததாகத் தலைவி மட்டும் தண்டிக்கப்பட்டு, சிறையில் இருந்த நாட்களே தண்டனையாகக் கணக்கிடப்பட்டு ஊர் திரும்பினார்.

அந்தப் பத்துப் பேரின் நோக்கம் பற்றி அன்று பேசப்பட்ட அளவுக்கு, குழந்தையைக் கொடுத்த அம்மாக்கள் பற்றிப் பேசப்படவில்லை. பேசியபோதும், பெற்ற பிள்ளையை எப்படிக் கொடுக்க மனம் வந்தது என்றுதான் கேட்டார்கள். ஹைட்டியின் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இருக்கிறார் என்பது பலகாலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களை அங்கே சேர்ப்பது மரணம் அல்ல, வறுமை. ஒரு குழு வந்து போக ஆகும் விமானச் செலவில் ஒரு தாய் தன் பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொண்டே வளர்க்க முடியும். ஆனால் அம்மாவோடு இருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொள்ள எவரும் பணம் திரட்டி விமானம் ஏறுவதில்லை. பார்க்க வருகிறவர்கள் இருப்பதால் இல்லங்கள் திறக்கப்படுகின்றன, இல்லங்கள் இருப்பதால் அவற்றை நிரப்பக் குழந்தைகள் தேடப்படுகிறார்கள். இதை உணர்ந்துதான் 2019-இல் ஐ.நா. பொதுச்சபை, குழந்தை உரிமை பற்றிய தன் தீர்மானத்தில், இல்லங்களுக்குத் தன்னார்வலர்களாகப் போவதால் விளையும் தீங்கையும் குறிப்பிட்டது.

படத்தில் அந்தக் குழந்தைகள் புதியவளை ஓடி வந்து கட்டிக்கொள்வதைப் பாசம் என்று சாட்சியில் சொல்வார்கள். குழந்தை உளவியல் அதை வேறு விதமாகப் படிக்கிறது. நிலையான ஒருத்தரின் கையில் வளரும் குழந்தை முன்பின் தெரியாதவர் மடியில் உடனே ஏறாது. தயங்கும், அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளியும். யார் வந்தாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வது, பலமுறை விடப்பட்ட குழந்தையின் அடையாளம். கோடைக்குக் கோடை குழுக்கள் மாறுகின்றன. ஒவ்வொரு பத்து நாளின் முடிவிலும் ஒரு அம்மா விமானம் ஏறுகிறாள்.

இந்தப் பயணங்களைக் கேலி செய்வது இப்போது எளிது. உகாண்டாவில் இத்தகைய பணிகளுக்குப் போயிருந்த இரண்டு அமெரிக்கப் பெண்கள் 2016-இல் இன்ஸ்டாகிராமில் 'பார்பி சேவியர்' என்ற பக்கத்தைத் தொடங்கினார்கள். பார்பி பொம்மை ஆப்பிரிக்கக் குழந்தைகளோடு தற்படம் எடுக்கும், கழிப்பறைக் குழி முன்னால் நின்று சிரிக்கும். கூர்மையான கேலிதான். நானும் ரசித்தேன். ஆனால் பார்க்கப் பார்க்க ஓர் உறுத்தல். ஏன் பொம்மை பெண்ணாக இருக்கிறது? பணத்தைக் கையாளும் போதகர், ஒப்பந்தம் போடும் நிறுவனத் தலைவர், இல்லத்தின் உரிமையாளர் ஆகியோருக்கு ஏன் பொம்மை இல்லை? செய்தவர்கள் தங்களையே கேலி செய்துகொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் அதைப் பகிர்ந்து சிரித்த கூட்டத்தில் பலருக்கு, அசட்டுப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கும் பழைய சுகமும் கிடைத்தது. பெண்ணியத் திறனாய்வு அந்தச் சிரிப்போடு நின்றுவிட முடியாது.

அந்தப் பெண் ஏன் போகிறாள்? பிள்ளையைத் தூக்குவதும், முகம் துடைப்பதும், பரிவதும் தன் இயல்பு என்று சிறு வயதிலிருந்து பழக்கப்பட்டவள் என்பது ஒரு பதில். அவளுக்குத் தடையில்லாமல் திறக்கும் கதவு அது ஒன்றுதான் என்பது இன்னொரு பதில். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிஷனரிகளில் பெண்களின் எண்ணிக்கை ஆண்களை முந்தியதற்கும் இதுவே காரணம். மணமாகாத ஒருத்தி தனியாகக் கடல் கடக்க, தலைமை தாங்க, நூல் எழுத, மரியாதை குறையாமல் கிடைத்த வழி அது. அந்த வழியில் வந்தவர்தான் ஆமி கார்மைக்கேல். 1895-இல் இந்தியா வந்து, 1951-இல் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. தமிழ் கற்றார். பிள்ளைகள் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். பத்து நாள் எங்கே, ஐம்பத்தைந்து ஆண்டு எங்கே என்று சொல்லத் தோன்றும். ஆனால் காலம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவதில்லை. அவருடைய 'திங்ஸ் ஆஸ் தே ஆர்' (1903) நூலில் நம் ஊர்ப் பெண்களின் படங்கள் இருக்கின்றன. இங்கிலாந்து வாசகர் பார்ப்பதற்காக எடுத்தவை. அவரோடு உழைத்த பொன்னம்மாளைப் பற்றி ஆமி ஒரு நூலே எழுதினார். ஆமியைப் பற்றிப் பொன்னம்மாள் எழுதிய நூல் நம்மிடம் இல்லை.

போகும் பெண்ணுக்கும் அதிகாரம் முழுதாகக் கிடைத்துவிடுவதில்லை. பார்பரா கிங்சால்வரின் 'தி பாய்சன்வுட் பைபிள்' (1998) நாவலில், 1959-இல் ஓராண்டுக் கணக்கில் பெல்ஜியக் காங்கோவுக்குப் போகிறார் பாப்டிஸ்ட் போதகர் நேதன் பிரைஸ். மனைவியும் நான்கு மகள்களும் கூடவே போகிறார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. மேடு கட்டி விதை போடு என்று ஊர்ப் பெண் மாமா தாதாபா சொல்வதை அவர் கேட்பதில்லை. மழை வந்து விதையை அடித்துக்கொண்டு போகிறது. 'பங்காலா' என்ற சொல்லை ஒலி பிசகாமல் சொல்லத் தெரியாமல், இயேசு அருமையானவர் என்பதற்குப் பதிலாக இயேசு நச்சுமரம் என்று பிரசங்கிக்கிறார். இந்தப் பகுதி மொழி ஆசிரியையான எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் நாவலின் பெரிய முடிவு வேறு: கதை முழுவதையும் மனைவியும் மகள்களும்தான் சொல்கிறார்கள். நேதனுக்கு ஓர் அத்தியாயம்கூட இல்லை. அவருடைய அழைப்புக்கு விலையாகக் கடைசி மகளைப் பறிகொடுக்கிறவள் அம்மா. போதகரின் மனைவிக்கும் மாமா தாதாபாவுக்கும் இடையே இருக்கும் தூரத்தையும் கிங்சால்வர் மறைப்பதில்லை. ஒருத்தியின் துயரம் இன்னொருத்தியின் துயரத்தை ஈடுகட்டுவதில்லை.

இவற்றை முதுகலை வகுப்பில் பேசி முடித்த ஒரு நாள், ஒரு மாணவி என் அறைக்கு வந்தாள். அவளுடைய சபையிலிருந்து நேபாளத்துக்கு ஒரு வார ஊழியம். ஒரு குழந்தைகள் இல்லம். பெயர் கொடுத்திருந்தாள்.

"அப்போ நல்லது செய்யணும்னு நினைக்கிறதே தப்பா மேடம்?"

1968-இல், கோடையில் மெக்சிகோவுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடம் பாதிரியார் இவான் இல்லிச் ஆற்றிய உரை நினைவுக்கு வந்தது. நல்லெண்ணம் நாசமாய்ப் போகட்டும் என்பதுதான் அந்த உரைக்குத் தலைப்பு. ஊரைப் பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்று முடித்தார். அதைக் கேட்ட மாணவர்களுக்கு அது கடுமையாக இருந்திருக்கும். என் மாணவியிடம் சொல்லும்போது அதன் பொருள் மாறுகிறது. ஊரைப் பார்க்கவும் மலையேறவும் போகலாம் என்று அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. அப்பாவோ அண்ணனோ இல்லாமல் அவள் போகப்போகும் முதல் பயணம் இது.

போகாதே என்று நான் சொல்லவில்லை. கேட்கச் சொன்னேன். அந்த இல்லத்துக் குழந்தைகளின் அம்மாக்கள் எங்கே இருக்கிறார்கள்? உங்கள் குழுவில் யாருக்கு நேபாளி தெரியும்? உங்கள் பதினைந்து பேருக்கும் அந்த வாரம் சமைக்கப்போவது யார், அவளுக்குக் கூலி உண்டா? நீங்கள் கிளம்பிய மறுநாள் அழும் குழந்தையை யார் சமாதானம் செய்வார்? அவள் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, "எனக்கு உண்மையில இமயமலையைப் பார்க்கணும் மேடம்" என்றாள்.

"அதை அப்பாகிட்டச் சொல்லேன்மா."

"மலையைப் பார்க்கணும்னு சொன்னா விட மாட்டாங்க. அநாதைப் பிள்ளைங்களுக்குச் சேவைன்னா விடுவாங்க."

ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே போக, முன்பின் தெரியாத இன்னொரு பெண்ணின் பிள்ளை அநாதையாக்கப்பட வேண்டியிருக்கிறது. ஐடஹோவிலும் சரி, நம் ஊரிலும் சரி, நாம் மாற்ற வேண்டியது இந்த ஏற்பாட்டை.