காகிதக் கையெழுத்தும் கோடிக் கையெழுத்தும்

2000-ம் வருஷம் டிசம்பர் 14-ந் தேதி, பார்ஸிலோனா நகரத்து டென்னிஸ் கிளப் ஒன்றில், கார்லஸ் ரெஷாக் என்பவர் கை துடைக்கும் காகிதம் ஒன்றை எடுத்து நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனைப் பார்ஸிலோனா கால்பந்துக் கிளப்பில் சேர்த்துக்கொள்வதாக வாக்கு. பையன் பெயர் லயனல் மெஸ்ஸி. 2024-ல் அந்தக் காகிதம் ஏலத்தில் 7,62,400 பவுனுக்குப் போயிற்று. 2017 நவம்பரில் அதே கிளப் அதே மெஸ்ஸியுடன் இன்னொரு கையெழுத்துப் போட்டது. நாலு வருஷத்துக்கு 55 கோடி யூரோவுக்கு மேல் என்று ‘எல் முண்டோ’ பத்திரிகை பிறகு வெளியிட்டது. முதல் கையெழுத்து நம்பிக்கையில் போட்டது. இரண்டாவது பயத்தில் போட்டது என்பது என் அபிப்பிராயம். நட்சத்திர ஆட்டக்காரரை விற்றுவிடலாமா, ஒப்பந்தத்தை நீட்டி வைத்துக்கொள்ளலாமா என்ற ஓயாத சர்ச்சையில் இந்தப் பயத்தைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை.

சர்ச்சை எப்படி இவ்வளவு கூர்மையாயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியம் தேசத்து ஆட்டக்காரர் போஸ்மன் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தவர் ஐரோப்பிய யூனியனில் வேறு தேசத்துக் கிளப்புக்குப் போனால் பழைய கிளப் சல்லிக்காசு கேட்க முடியாது. ஆகவே, கெடு நெருங்க நெருங்க ஆட்டக்காரரின் விலை இறங்கிக்கொண்டே வரும். அதற்குள் விற்க வேண்டும். அல்லது கெடுவை நீட்ட வேண்டும்.

2017 ஆகஸ்டில் பார்ஸிலோனாவிலிருந்து நெய்மார் போனார். இவ்வளவு தொகை கட்டினால் விலகிக்கொள்ளலாம் என்ற ஷரத்து அவர் ஒப்பந்தத்தில் இருந்தது. பாரிஸ் கிளப் அந்த 22.2 கோடி யூரோவையும் சுளையாகக் கட்டி அழைத்துக்கொண்டு போய்விட்டது. பார்ஸிலோனா நிர்வாகிகளின் நிலைமை எப்படி இருந்திருக்கும்! ஒரு புறம் ரசிகர்களின் கோபம். மறு புறம், பை நிறையப் பணம் இருக்கிறது என்பது உலகத்துக்கே தெரிந்துவிட்டது. சந்தைக்குப் போகிறவன் மடியிலுள்ள பணத்தை வியாபாரிகள் எண்ணிப் பார்த்துவிட்டால் கத்தரிக்காய் என்ன விலைக்குக் கிடைக்கும்? அந்த நிலையில்தான் மெஸ்ஸிக்கு அந்தப் பெரிய கையெழுத்து. அதே பதற்றத்தில்தான் 2018 ஜனவரியில் லிவர்பூல் கிளப்பிடமிருந்து கூட்டின்யோவை வாங்கியதும். சில்லறை ஷரத்துகளெல்லாம் சேர்ந்தால் 14 கோடி பவுனைத் தாண்டும் என்று பத்திரிகைகள் எழுதின.

கூட்டின்யோவின் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 2013-ல் லிவர்பூல் அவரை வாங்கியது 85 லட்சம் பவுனுக்கு. 2017 ஜனவரியில் அவர் ஒப்பந்தத்தை ஐந்து வருஷத்துக்கு நீட்டினார்கள். விலகிக்கொள்ளும் ஷரத்து வைக்கவில்லை. அந்த ஆகஸ்டில் அவர் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தபோது, முடியாது என்று சொல்லவும், ஐந்து மாதம் கழித்துக் கேட்ட விலைக்கு விற்கவும் லிவர்பூலுக்குத் தெம்பு தந்தது அந்தக் கையெழுத்துதான். நீட்டுவதும் விற்பதும் எதிரும் புதிருமான காரியங்கள் என்று வாதிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பணம் வந்தவுடன் லிவர்பூல் இன்னொரு கூட்டின்யோவைத் தேடி ஓடவில்லை. தன் வீட்டில் எங்கே ஒழுகுகிறது என்பது அதற்குத் தெரிந்திருந்தது. பின்வரிசைக்கு வான் டைக் என்பவரை முந்திய கோடையிலிருந்தே குறி வைத்திருந்து, 7.5 கோடி பவுன் கொடுத்து வாங்கிற்று. 2018-ல் கீவ் நகரில் நடந்த ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் கோல் காப்பவரின் தவறுகளால் தோற்றதும், அலிஸ்ஸன் என்ற கோல்கீப்பர் வந்து சேர்ந்தார். முன்வரிசைக் கலைஞர் ஒருவரைக் கொடுத்து இரண்டு காவல்காரர்களை வாங்கினார்கள் என்று சொல்லலாம். ரசிகர்களுக்கு இது உவப்பான பேரமாக இருந்திருக்காது.

2019 மே மாதம் பார்ஸிலோனா தன் மைதானத்தில் லிவர்பூலை 3-0 என்று தோற்கடித்தது. ஆறு நாள் கழித்து லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 4-0 என்று தோற்று வெளியேறியது. அன்று பார்ஸிலோனா சட்டையில் ஆடிய கூட்டின்யோவைப் பாதி ஆட்டத்துக்குப் பிறகு வெளியே அழைத்துக்கொண்டார்கள். லிவர்பூல் அந்த வருஷம் ஐரோப்பியக் கோப்பையையும், மறு ஸீஸனில் முப்பது வருஷம் காத்திருந்த லீக் பட்டத்தையும் வென்றது. பார்ஸிலோனாவோ கூட்டின்யோவை பேயர்ன் மியூனிக் கிளப்புக்கு இரவல் கொடுத்தது. 2020 ஆகஸ்டில் அந்த பேயர்ன் பார்ஸிலோனாவை 8-2 என்று நொறுக்கியபோது, கடைசிக் கால் மணியில் இறங்கிய கூட்டின்யோ இரண்டு கோல் போட்டார்! கதையில் இப்படி எழுதினால் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். 2022-ல் அவரை 2 கோடி யூரோவுக்கு ஆஸ்டன் வில்லா வாங்கிக்கொண்டது.

அந்த எட்டு கோல் தோல்விக்குச் சில நாட்களுக்குப் பின் மெஸ்ஸியும் போக விரும்புவதாக எழுதினார். கிளப் 70 கோடி யூரோ ஷரத்தைக் காட்டித் தடுத்துவிட்டது. மறு வருஷம் ஒப்பந்தம் முடிந்தது. பாதிச் சம்பளத்துக்கு இருக்கிறேன் என்று அவரே சொல்லியும் லீகின் சம்பள வரம்பு இடம் கொடுக்கவில்லை. நூறு யூரோ வருமானத்துக்கு நூற்று மூன்று யூரோ சம்பளம் போய்க்கொண்டிருந்தது. கடன் 135 கோடி யூரோ. இவை கிளப்பின் தலைவரே வெளியிட்ட கணக்கு. மெஸ்ஸி பாரிஸுக்குப் போனார். ஒரு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு நல்ல விலை வந்திருக்கும், இப்போது ஒன்றுமில்லை.

தொடர்கதை எழுதுகிறவனுக்கு இந்த அவஸ்தை புதிதல்ல. ஒரு பாத்திரம் வாசகர்களுக்குப் பிடித்துவிட்டால், ‘அவனைக் கொன்றுவிடாதீர்கள்’ என்று கடிதங்கள் வரும். கதையில் அவனுக்கு வேலையே இல்லாவிட்டாலும் இன்னும் பத்து வாரம் இழுப்போம். நானும் இழுத்திருக்கிறேன். கடிதம் எழுதிய அதே வாசகர்கள் எட்டாவது வாரம் படிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

அப்படியானால் எல்லோரையும் விற்றுவிட வேண்டியதுதானா என்று கேட்கலாம். ரோமா கிளப் டோட்டியை விற்கவே இல்லை. 1993-லிருந்து 2017 வரை ஒரே சட்டை. இத்தனை காலத்தில் கிடைத்த லீக் பட்டம் 2001-ல் ஒன்றே ஒன்று. கடைசி ஸீஸனில் பெரும்பாலும் பெஞ்சியில்தான் உட்கார்ந்திருந்தார். கணக்குப் புத்தகம் இதை நஷ்டம் என்று எழுதலாம். நான் எழுத மாட்டேன். அவர் போய்விடுவாரோ என்ற பீதியில் அல்ல, அவர் அந்த ஊர்ப் பிள்ளை என்பதால் வைத்துக்கொண்டார்கள். 2017 மே 28-ந் தேதி அவர் விடைபெற்றபோது மைதானம் முழுவதும் நின்றுகொண்டு அழுதது. மெஸ்ஸியும் 2021 ஆகஸ்டில் விடைபெறும்போது அழுதார், நிருபர்கள் நிறைந்த ஒரு மண்டபத்தில். பார்ஸிலோனாவுக்காகத் தன் சொந்த மைதானத்தில் அவர் ஆடிய கடைசி ஆட்டம், தொற்றுநோய்க் கட்டுப்பாட்டினால், ரசிகர் ஒருவர்கூட இல்லாத காலி ஆசனங்களுக்கு முன்னால் நடந்து முடிந்திருந்தது.