முந்நூறு கஜம்

ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனின் பெயர் தமிழில் எத்தனுக்கு மறுபெயராகவே நிலைத்துவிட்டபோதிலும், அதற்கு வழிவகுத்த 1914 செப்டம்பர் 22ஆம் நாள் சென்னைத் தாக்குதல் போர்க்கலையின் தராசில் அத்தனை கனமானதன்று. நின்ற இடத்தைவிட்டு நகராத எண்ணெய்த் தொட்டிகளை இரவில் சுட்டு எரிப்பதற்குத் துணிவு ஒன்றே போதும். கப்பல் தலைவர் கார்ல் ஃபான் முல்லரின் கைத்திறம் முழுமையாக வெளிப்பட்டது, அக்டோபர் 28ஆம் நாள் விடியுமுன் பினாங்குத் துறைமுகத்தில்தான்.

அதைப் புகழ்வோர் பெரும்பாலும் நான்காவது புகைபோக்கியைப் பற்றியே பேசுவர். மூன்று புகைபோக்கிகள் கொண்ட எம்டன், பிரிட்டிஷ் கப்பலான யார்மவுத்தைப் போலத் தோன்றுவதற்காகப் போலியாக ஒன்றைக் கட்டிக்கொண்டு நுழைந்தது உண்மையே. ஆயினும் வேடம் வாசல்வரை கொண்டு சேர்க்கும். உள்ளே எங்கே நிற்பது என்பதை அது சொல்லித்தராது. ஜெர்மன் கொடியை ஏற்றியபின், நங்கூரமிட்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக்கை முல்லர் ஏறத்தாழ முந்நூறு கஜத்தில், அதாவது 270 மீட்டரில், நெருங்கினார். எம்டனின் நீளமே 118 மீட்டர் என்பதை நினைத்தால், இரண்டு கப்பல்களை வரிசையாக நிறுத்தக்கூடிய இடைவெளியே அங்கு எஞ்சியிருந்தது புலப்படும்.

அந்த இடைவெளியிலிருந்து டார்பிடோ, அதாவது நீருக்குள் பாய்ந்து வெடிக்கும் எறிபடை, ஒன்று புறப்பட, எம்டனின் 105 மில்லிமீட்டர் பீரங்கிகள் மேல்தளத்தைத் துடைத்தெடுத்தன. எதிரியிடம் அவற்றினும் பெரிய 120 மில்லிமீட்டர் பீரங்கிகள் இருந்தும், அவற்றின் நீண்ட எட்டு அந்த நெருக்கத்தில் பொருளற்றுப் போயிற்று. டார்பிடோ குழாய்கள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே இருந்தமையால், முல்லர் அந்தக் குறுகிய நீர்ப்பரப்பிலேயே கப்பலைத் திருப்பி மறுபக்கத்தைக் காட்டி, இரண்டாவதையும் ஏவினார். ஜெம்சுக் வெடித்து மூழ்கியது. அன்றைய விடியலின் மிக அழகிய அசைவு அந்தத் திருப்பமே.

கி.மு. 490இல் மாரத்தான் வெளியில் கிரேக்கர்கள் பாரசீகப் படையை நோக்கி ஓடியே பாய்ந்தனர் என ஹெரோடோட்டஸ் எழுதியதற்கும் இந்த நெருக்கமே பொருளாக இருக்கலாம்: அம்பு மழைக்குள் நிற்கும் நேரத்தைச் சுருக்கி, ஈட்டி எட்டும் தொலைவுக்குள் போய்விட்டால் வில்லின் மேன்மை கழிந்துவிடும். நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவருகே இக்கணக்கு தலைகீழாயிற்று. ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி, தன் பெரிய பீரங்கிகளுக்கு ஏற்ற தொலைவைத் தானே வகுத்துக்கொண்டு எம்டனைச் சிதைத்தது. சிட்னியின் போரையே உயர்ந்ததெனக் கருதுவோர் உண்டு. அது பிழையற்ற போர்தான், எனினும் வில்லாளியின் வெற்றி.

இன்றைய கதைசொல்லிகளோ ரஷ்யக் கப்பலின் தலைவர் அன்றிரவு கரையில் தங்கியதையே சுவைத்துச் சுவைத்துச் சொல்கின்றனர். கொதிகலன்கள் பழுதுபார்ப்பில் இருந்ததால் கப்பல் நகர இயலாது நின்றதும், பீரங்கியருகே சில குண்டுகளே வைக்கப்பட்டிருந்ததும் அவர்கள் பேச்சில் இடம்பெறுவதில்லை. முந்நூறு கஜமும் திருப்பமும் அறவே இல்லை. எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் அன்று மாண்டனர். பினாங்கின் வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு நினைவுக்கல் நிற்கிறது. எஸ்பிளனேடு கடற்கரைச் சுவரருகே நின்றால், எம்டன் நுழைந்த வடக்கு வாய் இன்றும் தடையின்றிக் கண்ணுக்குத் தெரிகிறது.