வயதெல்லையும் வர்க்கப் பார்வையும்: 'விடுதலை' திரைப்படத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஒரு கலைப்படைப்பை யார், எவ்வயதில் நுகரலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் சமூக உறவுகளுக்கு அப்பாற்பட்டதன்று. ஆயினும் திரைப்படங்களுக்கு வழங்கப்படும் வயதுச் சான்றிதழும், அதனோடு இணைந்த உள்ளடக்க அறிவுறுத்தலும் பிள்ளைகளின் நலன் கருதிய நடுநிலையான ஏற்பாடுகளாகவே பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. வெற்றிமாறனின் 'விடுதலை' முதலாம் பாகத்தை (2023) முன்வைத்தும், ஊவாப் பெருந்தோட்டங்களின் வரலாற்றனுபவத்தைக் கொண்டும் இக்கருத்தைப் பரிசீலிப்பதே நமது நோக்கம்.

1980களின் பிற்பகுதியை நிலைக்களனாகக் கொண்ட இப்படம், கனிமச் சுரங்கத்துக்கு எதிராக மலைப்பகுதியில் எழும் மக்கள் படையையும், அதனை ஒடுக்க முகாமிடும் பொலிஸாரையும் கீழ்நிலைக் காவலன் ஒருவனின் கண்கொண்டு காட்டுகின்றது. இந்தியத் தணிக்கைச் சபை இதற்கு 'ஏ' சான்றிதழ் வழங்கியது. 18 வயது நிரம்பாதோர் இதனைத் திரையரங்கிற் பார்க்கலாகாது என்பது அதன் பொருள். படம் வெளிவந்த சில நாட்களில், சென்னைத் திரையரங்கொன்றில் பிள்ளைகளோடு வந்திருந்தோரைப் பொலிஸார் வெளியேறக் கோரினர். அங்கிருந்த பெண் செயற்பாட்டாளர் ஒருவர் அதனை எதிர்த்து வாதிட்டார். பிள்ளைகளும் அறியவேண்டிய அரசியலையே இப்படம் பேசுகின்றது என்பது அவரது வாதத்தின் சாரம்.

'விடுதலை' வெளிவருவதற்கு முதல்நாள், 2023 மார்ச் 30 அன்று, சென்னை ரோகிணி திரையரங்கில் நிகழ்ந்தது இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. நுழைவுச்சீட்டு வைத்திருந்தும் நரிக்குறவர் குடும்பமொன்று 'பத்து தல' படத்துக்கு அனுமதிக்கப்படவில்லை. எதிர்ப்பெழுந்த பின்னரே அவர்கள் உள்ளே விடப்பட்டனர். படம் 'யுஏ' சான்றிதழ் பெற்றதாகலின் 12 வயதுக்குட்பட்டோரை அனுமதித்தல் இயலாது என நிர்வாகம் விளக்கமளித்தது. உண்மையில் அச்சான்றிதழ் பெற்றோரின் வழிகாட்டலைக் கோருவதேயன்றித் தடைவிதிப்பதன்று. சாதி, வர்க்க ஒதுக்கலுக்கு வயதெல்லை எத்துணை எளிதாகப் போர்வையாகிவிடுகின்றது என்பதை இந்நிகழ்ச்சி தெளிவுறுத்துகின்றது.

தமிழகத் திரைப்படங்களைத் தம்முடையனவாகவே கொண்டாடும் பதுளை, பண்டாரவளைத் தோட்ட மக்களிடையே இவ்வினா வேறொரு பரிமாணம் பெறுகின்றது. இலங்கையில் பொதுக்காட்சிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின் மூலம், தோட்டத்துரைமாரின் செல்வாக்கு ஓங்கியிருந்த 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமாகும். அதே குடியேற்ற அரசு 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை இயற்றியபோது ஆண், பெண், சிறுவர் என மூவகைக் கூலிவீதங்களுக்கு வழிசெய்தது. பிறர் உழைப்பைக் காட்சியாகப் பார்ப்பதற்கு வேண்டப்படும் வயது, தேயிலை மலையில் உழைப்பதற்கு வேண்டப்படவில்லை. பிள்ளையின் கண்ணுக்கு எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்ற பகுப்பு, தனியறைகள் கொண்ட வீட்டில் வளரும் நடுத்தர வர்க்கப் பிள்ளைப் பருவத்தை மனங்கொண்டே எழுந்தது. பிறப்பும் நோயும் மரணமும் ஒரே அறையில் நிகழ்ந்த லயத்துப் பிள்ளைக்கு அத்தகைய பருவம் வாய்க்கவில்லை.

உள்ளடக்க அறிவுறுத்தலின் மொழியும் ஆராயத்தக்கது. 'வன்முறை', 'மது', 'புகைத்தல்' என அது புலனுக்குத் தெரியும் செயல்களை மட்டும் எண்ணுகின்றது. அச்செயல்களைத் தோற்றுவிக்கும் உறவுகளை எண்ணுவதில்லை. 1940இல் பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் சமசமாஜிகள் வழிநடத்திய வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தமக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட சபையொன்றை அமைத்தனர். அடக்கவந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களையும் பறித்தனர். அதே ஆண்டில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸாரின் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானான். இவ்விரு நிகழ்ச்சிகளையும் எவரேனும் நாளை படமாக்குவாராயின், இரண்டுக்கும் 'வன்முறைக் காட்சிகள்' என்ற ஒரே சொல்லே எச்சரிக்கையாக இடம்பெறும். கங்காணியின் கடன்பத்திரத்துக்கும், பேரேட்டிற் குறைக்கப்பட்ட பெயருக்கும் எச்சரிக்கை எதுவும் இராது. சுரண்டல் எப்பட்டியலிலும் இல்லை.

இவ்வாறு கூறுவது வயதெல்லையை முற்றாக மறுப்பதாகாது. லயத்துப் பிள்ளை துன்பத்தை நேரிற் கண்டிருப்பதால் அதனைத் திரையிலும் காட்டலாம் என்பது கொடிய தருக்கமாகும். 'விடுதலை'யில் கிராமப் பெண்களை முகாமிற் பிடித்துவைத்து நிர்வாணப்படுத்தி வதைக்கும் நீண்ட காட்சியை எண்ணுக. அரச பயங்கரவாதத்தை ஒளிவுமறைவின்றிக் காட்டுவது படத்தின் வலிமை. ஆயின் அப்பெண்களுட் பெரும்பாலோர்க்குப் பெயரும் பேச்சும் இல்லை. தன் காதலியை மீட்கக் காவலன் ஓடும் ஓட்டத்தோடு அவர்தம் வதை மாறிமாறிக் காட்டப்படுகையில், கூட்டு அவலம் தனிமனிதக் காதலின் பரபரப்பாகக் குறுகிவிடுகின்றது. இக்காட்சியிலிருந்து பத்து வயதுப் பிள்ளை பெறக்கூடியது அச்சமேயன்றி அறிவன்று. எனவே செயற்பாட்டாளரின் வாதம் அரசியலளவிற் சரியாயினும், படத்தின் கலைமுறையைக் கணக்கிற் கொள்ளவில்லை எனலாம்.

சான்றிதழ் எப்போது பார்க்கலாம் என்று மட்டுமே கூறும். எவ்வாறு பார்க்கவேண்டும் என்பது விமரிசனத்தின் பணி. ஊவாவின் தோட்டப் பாடசாலைகளிலும் தொழிற்சங்க மன்றங்களிலும் வெவெஸ்ஸவின் கதை எடுத்துரைக்கப்படுமாயின், பதினெட்டு வயதில் இத்தகைய படத்தைக் காணும் இளைஞன் எந்த வன்முறை யாருடையது எனக் கேட்கும் ஆற்றலோடு அதனைக் காண்பான். அவ்வாற்றலை வயது தானாகத் தருவதில்லை. அதனை வளர்க்கும் பொறுப்பு ஆசிரியர்க்கும் தொழிற்சங்கத்தார்க்கும் விமரிசகர்க்கும் உரியது.