சீருடையும் அதற்குரியவனும்: றெமார்க்கின் நாவலும் பேர்கரின் திரைப்படமும்

எறிக் மரியா றெமார்க்கின் ‘மேற்கே புதிதாக ஒன்றுமில்லை’ என்னும் ஜேர்மன் நாவல் 1929ஆம் ஆண்டு நூலுருப் பெற்றது. எட்வேட் பேர்கரின் நெறியாள்கையில் 2022இல் அது மீண்டும் திரைப்படமாகியது. மறு ஆண்டு நான்கு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற அப்படத்தின் தொடக்கக் காட்சிகள் நாவலில் இல்லாதவை. ஹைன்றிக் என்னும் இளஞ்சிப்பாய் அகழியிலிருந்து ஏறி ஓடுகிறான். சற்றுப் பின்னர் சடலங்களிலிருந்து சீருடைகள் கழற்றப்படுகின்றன. அவை மூட்டை மூட்டையாக ஊர் திரும்புகின்றன. தண்ணீர் சிவக்கச் சிவக்கக் கழுவப்படுகின்றன. வரிசையாக அமர்ந்திருக்கும் பெண்களின் தையல் இயந்திரங்களின் கீழே துளைகள் அடைபடுகின்றன. 1917ஆம் ஆண்டு வசந்த காலத்தில், போல் போய்மர் என்ற மாணவனின் கைக்கு ஹைன்றிக்கின் மேற்சட்டை வந்து சேர்கின்றது. உள்ளே வேறொருவனின் பெயர் தைக்கப்பட்டிருப்பதைக் கண்ட போல், இது யாருக்கோ உரியது என்று அதனைத் திருப்பிக் கொடுக்கிறான். அது அவனுக்கு அளவாயிருக்கவில்லைப் போலும் என்று கூறும் அலுவலர், பெயர்த்துணியைப் பிய்த்தெடுத்துவிட்டுச் சட்டையை மீண்டும் நீட்டுகிறார்.

யுத்தத்தை வீரமாகவோ விதியாகவோ காட்டாது ஓர் உற்பத்தி முறையாகக் காட்டுவதே இக்காட்சியின் பலம். தொழிற்சாலையில் மூலப்பொருள் சுழல்வது போலத் துணி சுழல்கின்றது. உழைப்புச் செலவிடப்பட்டு மீட்கப்படும் பொருள் அதுவே. மீட்கப்படாதது உடல் மட்டும். சீருடைக்கு உரியவன் யார் என்ற வினாவிற்கு, அணிபவன் அல்லன், அரசே என்ற விடை ஒரு வார்த்தைப் பிரசங்கமுமின்றிக் கிடைத்துவிடுகின்றது. அண்மைக்கால யுத்தப் படங்களில் இத்துணை செறிவான தொடக்கம் அரிது.

ஆயினும் இக்கற்பனையின் வித்து நாவலிலேயே உள்ளது. கெமரிக் என்னும் சிப்பாயிடம் மென்மையான மஞ்சள் தோலாலான சப்பாத்துச் சோடியொன்று இருக்கின்றது. முழங்கால் வரை உயர்ந்த அது ஆங்கில விமானியொருவனுடையது. கால் வெட்டப்பட்டு வைத்தியசாலையிற் கிடக்கும் அவனைப் பார்க்கச் சென்ற தோழன் முல்லரின் கண், அந்தச் சப்பாத்தின் மீதே நிற்கின்றது. கெமரிக் இறந்ததும் அது முல்லருக்குப் போகின்றது. வயிற்றிற் சுடப்பட்டு இறக்கும் முல்லர் அதனைப் போலிடம் விட்டுச் செல்கிறான். தனக்குப் பின் அது ட்ஜாடனுக்கு என்று போல் வாக்களித்திருக்கிறான். 1930இல் லூயிஸ் மைல்ஸ்ரன் எடுத்த படத்திலும் இச்சப்பாத்துக் கால்மாறிச் செல்லும் தொடர் மறக்கவியலாத ஒன்று.

இரண்டையும் ஒப்பிட்டு நோக்கின், றெமார்க்கே கடுமையானவர் எனல் வேண்டும். பேர்கரின் போல் ஏமாற்றப்படுகிறான். உண்மையை அறிந்தவர்கள் பார்வையாளர் மட்டுமே. அந்த அறிவு அவர்களைப் பாதுகாப்பான ஓர் உயரத்தில் நிறுத்திவிடுகின்றது. நாவலின் முல்லரோ அனைத்தும் அறிந்தவன். நல்ல சப்பாத்துக் கிடைப்பது அரிது, கெமரிக் இனி நடக்கப் போவதில்லை, மருத்துவ உதவியாளன் எடுக்குமுன் தான் எடுக்க வேண்டும் என்று அவன் கணக்கிடுகிறான். இது கல்நெஞ்சமன்று. கெமரிக்குக்குப் பயன்படுமெனின் அதற்காக வெறுங்காலுடன் முட்கம்பியின் மேல் நடக்கவும் முல்லர் தயங்கான் என்று கதைசொல்லி தெளிவுபடுத்துகிறான். அன்பும் கணக்கும் ஒரே மனிதனிடம் ஒருங்கே இருப்பதைத் திரைப்படத்தின் தொழிற்சாலைச் சுழற்சி தொடவில்லை.

உடை பற்றிய நாவலின் நோக்கு இத்துடன் நின்றுவிடவில்லை. கைசர் பார்வையிட வருகிறார் என்று புதிய உடைகள் வழங்கப்படுகின்றன. அவர் போனதும் பெரும்பாலானவை பறிக்கப்பட்டுப் பழைய கந்தல்கள் திரும்பிவருகின்றன. தபாற்காரனான ஹிம்மல்ஸ்ரோஸ் சீருடை ஏறியதும் கொடுங்கோலனாகிறான். மாணவரைப் போருக்கு உந்திய ஆசிரியர் கன்ரொறெக், ஒட்டுப்போட்ட மேற்சட்டையும் கட்டைக் களிசானும் அணிந்து, தம் பழைய மாணவனின் ஆணைக்கு அணிநடை பயில்கிறார். (இப்பகுதியின் நகைச்சுவை சற்றுக் கொடூரமானது, எனினும் வாசகர் மனம் மகிழவே செய்யும்.) ஹிம்மல்ஸ்ரோஸ் பேர்கரின் படத்தில் இல்லை. அவ்விடத்தைச் சமாதான உடன்படிக்கைப் பேச்சுவார்த்தைகள் நிரப்புகின்றன. வரலாற்றுத் தகவல் என்ற வகையில் அவை பயனுடையவை. கலை என்ற வகையில் ஈடாகா.

படத்தின் பெருங்குறை போல் விடுமுறையில் வீடு செல்லும் அத்தியாயம் விடப்பட்டமையே. நாவலில் அவன் வீதியில் மேஜரொருவருக்கு வணக்கம் செலுத்தத் தவறி அவமானப்படுகிறான். வீடு வந்து பழைய உடையை எடுத்து அணிகிறான். அது இறுக்கமாகவும் கட்டையாகவும் இருக்கின்றது. இராணுவத்தில் அவன் வளர்ந்துவிட்டான். அவனை அவ்வுடையிற் கண்டு தாய் மகிழ்கிறாள். தந்தையோ அறிமுகமானவர்களுக்குக் காட்டுவதற்காக மகன் சீருடையிலேயே இருக்க வேண்டும் என விரும்புகிறார். யுத்தம் களத்தில் மாத்திரமன்றி, வீட்டு விறாந்தையிலும் ஊரார் பேச்சிலும் நடத்தப்படுகின்றது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கூறுதல் அரிது. சீருடையை விநியோகிக்கும் அலுவலரைக் காட்டும் படம், அதனை மகன்மீது காண ஆசைப்படும் தகப்பனைக் காட்டவில்லை. பழி முழுவதும் ஜெனரல்மீதும் அலுவலர்மீதும் இறங்கிவிடுகின்றது.

அந்த ஆசை றெமார்க்கிற்கு அந்நியமானதன்று. 1916 நவம்பரில் படையிற் சேர்க்கப்பட்ட அவர், 1917 யூலை 31ஆம் திகதி குண்டுச் சிதறல்களாற் காயமடைந்து டுயிஸ்பேர்க் வைத்தியசாலையில் நீண்ட காலம் கிடந்தார். அதிகாரி நிலையை ஒருபோதும் எய்தவில்லை. எனினும் யுத்தம் முடிந்தபின் சொந்த ஊரான ஒஸ்னாபுறூக்கில் அவர் லெப்டினன்ற் உடையில் நடமாடினார் என்பதை அவரது வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். எதிரிகளுக்கு இது வசதியான ஆயுதமாயிற்று. ஆனால் அச்செயலையும் தந்தையின் ஆசை பற்றிய பக்கங்களையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, அப்பக்கங்கள் வெளியே நின்று கண்டித்தவர் எழுதியவையல்ல என்பது புலனாகும். 1933இல் அவரது நூல்கள் எரிக்கப்பட்டன. 1938இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1943இல் சகோதரி எல்பிறீட ஷோல்ஸ் நாஸி அரசினால் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

திரைப்படத்தில் போல் 1918 நவம்பர் 11ஆம் திகதி, போர் ஓயும் மணித்துளிகளில் இறக்கிறான். நாவலில் அவன் இறப்பது ஒக்டோபர் மாதத்து அமைதியான நாளொன்றில். அறிக்கையில் எழுத அன்று எதுவுமில்லை. வாக்களித்த சப்பாத்து ட்ஜாடனைச் சென்றடைந்ததா என்பதை நாவல் கூறவில்லை. 1931இல் வெளிவந்த ‘திரும்பும் பாதை’ என்ற அடுத்த நாவலில் ட்ஜாடன் உயிருடன் ஊர் திரும்புகிறான்.